ரெண்டும் ரேடியோதானே? சாய்ஸ் லாக் செய்வதற்கு முன் படிக்க வேண்டியது

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து சித்தி மகள் கூப்பிட்டாள். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மேற்படிப்புக்கு எழுதும் நீட் பிஜி தேர்வில் ரேங்க் வந்துவிட்டது, இன்னும் சில நாளில் கவுன்சலிங்கில் சாய்ஸ் நிரப்ப வேண்டும். "அக்கா, கவர்ன்மென்ட்ல ரேடியோடயக்னோசிஸ் இந்த ரேங்குக்கு வராது. தனியார்ல எடுத்தா அப்பா வயலை வித்தாகணும். ரேடியோதெரபின்னா கவர்ன்மென்ட்லயே வந்துரும்போல. ரெண்டும் ரேடியோதானே, அதையே போட்டுடவா?"

அந்த "ரெண்டும் ரேடியோதானே" காதில் விழுந்ததும் எனக்குப் பகீரென்றது. ஒன்று படம் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிற வேலை, இன்னொன்று கதிரால் புற்றுக்குச் சிகிச்சை கொடுக்கிற வேலை. இதே நினைப்பில் சீட் எடுத்து, முதல் மாதமே புற்றுநோய் வார்டில் திகைத்து நின்று, சீட்டைப் பாதியில் விட்டால் கட்ட வேண்டிய பாண்ட் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே போனவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் படிக்காதவர்கள் இல்லை. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று அவர்களிடம் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவளிடம் ஒரு மணி நேரம் போனில் பேசியதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் மதுரையில் பதினான்கு வருடமாகப் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவள். ரேடியோடயக்னோசிஸ் பற்றிச் சொல்வது என் கை அனுபவம், மற்றதெல்லாம் கூடப் படித்தவர்களிடமும் தினமும் வேலை விஷயமாகப் பேசுகிறவர்களிடமும் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அதை மனதில் வைத்தே படியுங்கள்.

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார், 1898-இல் கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் ரொம்ப காலத்துக்குக் கதிரை வைத்துப் படம் எடுப்பதும் அதே கதிரை வைத்துக் கட்டியைக் கரைப்பதும் ஒரே துறையாகத்தான் இருந்தன. சென்னை ஜி.எச்.சில் 1934-இல் தொடங்கிய பர்னார்ட் ரேடியாலஜி நிலையத்தில் இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான் வளர்ந்தன. பிறகு அல்ட்ராசவுண்ட் வந்தது, 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. இயந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது, அடுத்து எம்.ஆர்.ஐ. வந்தது. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ் கதிரே கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க, வேலை முழுக்கப் பிரிந்துவிட்டது. இன்றைக்கு எம்.பி.பி.எஸ். முடித்தவர் முன்னால் இருப்பவை மூன்று தனித்தனி எம்.டி.: ரேடியோடயக்னோசிஸ், ரேடியேஷன் ஆன்காலஜி (பழைய பெயர் ரேடியோதெரபி, பசங்க வாயில் இன்னும் அதுதான்), நியூக்ளியர் மெடிசின். ரேடியோடயக்னோசிஸ் முடித்தவர்களுக்கு மேலே டி.எம். என்கிற அடுத்த கட்டப் படிப்பில் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி (படம் பார்த்துக்கொண்டே உள்ளே குழாய் விட்டுச் சிகிச்சை செய்வது) ஒன்று இருக்கிறது.

இவற்றை எல்லாரும் எப்படி ஒப்பிடுகிறார்கள் என்றால், சம்பளம் எவ்வளவு, நைட் டியூட்டி உண்டா, எந்த ரேங்குக்கு முடிகிறது என்று. நான் வேறு இரண்டு கேள்வி கேட்கச் சொல்வேன். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு உங்கள் முன்னால் என்ன இருக்கும்? அந்த வேலையில் நடக்கக்கூடிய தப்பு எது, அதைச் சுமந்துகொண்டு மறுநாள் வேலைக்கு வர உங்களால் முடியுமா?

முதலில் என் துறை. ரேடியாலஜி என்றால் ஏசி ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை என்றுதான் நினைத்து வருகிறார்கள். பாதி உண்மை. நம்மூரில் அல்ட்ராசவுண்டை டாக்டர்தான் கையால் செய்ய வேண்டும். இங்கிலாந்து மாதிரி சோனோகிராஃபர் என்கிற ஸ்கேன் டெக்னீஷியன் செய்து வைத்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஏற்பாடு இங்கே இல்லை. காலையில் வரிசை ஆரம்பித்தால் நாற்பது, ஐம்பது பேர். வெறும் வயிற்றோடு வந்தவர்கள், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நெளிகிறவர்கள், ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு மாமியாரோடு வந்த பெண். அந்த ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்தின் நான்கு அறையும் தெரிய வேண்டும், அதுவோ முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். அம்மாவை எழுந்து நடந்துவிட்டு வரச் சொல்லி, ஜூஸ் குடிக்கச் சொல்லி, மறுபடி பார்க்க வேண்டும். சாயங்காலத்துக்குள் தோள்பட்டையும் மணிக்கட்டும் வலிக்கும். எங்கள் துறையில் தோள் வலி இல்லாதவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம் சி.டி., எம்.ஆர்.ஐ. ஒரு வயிறு சி.டி.யில் பல நூறு படங்கள் வரும். அத்தனையையும் ஓட்டி, கல்லீரல், கணையம், குடல், எலும்பு என்று ஒன்று விடாமல் பார்த்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். நடுவில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். சர்ஜன் நேரில் வந்து பக்கத்தில் நின்று "அப்பெண்டிக்ஸா இல்லையா, ஒரே வார்த்தை சொல்லுங்க" என்பார். நோயாளி மேசைமேல் இருக்கிறார், உங்கள் ஒரு வார்த்தைக்காக அங்கே கத்தி காத்திருக்கிறது.

நைட் டியூட்டி இல்லாத துறை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது கணக்கு. அதற்கு முன்னால் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று சி.டி. பார்த்துச் சொல்ல வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கேஷுவல்டியிலிருந்து கூப்பிடுவார்கள். படத்தில் கசிவு இருந்தால் வெள்ளையாகத் தெரிந்துவிடும், அது சுலபம். இன்சுலா என்கிற சின்னப் பகுதியில் சாம்பல் நிறத்துக்கும் வெள்ளைக்கும் இடையிலான கோடு லேசாக மங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் கஷ்டம். தூக்கக் கலக்கத்தில் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து அந்தக் கோட்டைத் தேடுவது நான் இன்றைக்கும் செய்கிற வேலை. இப்போது டெலிரேடியாலஜி வந்ததில் பல மருத்துவமனைகளின் ராத்திரிப் படங்கள் வீட்டிலிருப்பவரிடமே போகின்றன. அலைச்சல் குறைந்தது, தூக்கம் திரும்பவில்லை.

இந்தத் துறையின் தப்பு எது? பார்க்காமல் விடுவது. நான் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரின் மார்பு எக்ஸ்ரே. வலது பக்கம் கீழே நிமோனியா பளிச்சென்று தெரிந்தது. எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், அடுத்த படத்துக்குப் போனேன். எட்டு மாதம் கழித்து அவரே இருமலில் ரத்தத்தோடு வந்தார், சி.டி.யில் இடது மேல் நுரையீரலில் கட்டி. பழைய எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்தால், இடது காறை எலும்புக்கு அடியில் ஒரு சின்னப் பொட்டு இருக்கத்தான் செய்தது. ஒன்றைக் கண்டுபிடித்த திருப்தியில் கண் தேடுவதை நிறுத்திவிடும் என்று பாடத்திலேயே படித்திருக்கிறோம். படித்தது வேறு, அந்த நோயாளியின் மகனிடம் நின்று பேசுவது வேறு. அன்றிலிருந்து எந்த எக்ஸ்ரேயானாலும் நுரையீரல் உச்சி, காறை எலும்புக்கு அடி, இதயத்துக்குப் பின்னால், உதரவிதானத்துக்குக் கீழே, எலும்பு ஓரம் என்று கடைசியில் ஒரு சுற்றுச் சுற்றாமல் கையெழுத்துப் போடுவதில்லை. நீங்கள் எவ்வளவு நல்ல ரேடியாலஜிஸ்ட் ஆனாலும் சிலதை விடத்தான் செய்வீர்கள், அது எழுத்தில் பதிவாகி உங்கள் பெயரோடு நிற்கும். இது தாங்குமா என்று இப்போதே யோசியுங்கள்.

நன்றியும் குறைவுதான். கணையப் புற்றை ஆரம்பத்திலேயே பிடித்துக் கொடுத்தது நீங்கள் என்று அந்த நோயாளிக்குத் தெரியவே தெரியாது. அவர் சர்ஜன் காலில்தான் விழுவார். எனக்கு அது பிரச்சினையாக இருந்ததில்லை, படம் சொல்லும் கதையை அவிழ்ப்பதே எனக்குப் போதும். "டாக்டரம்மா" என்று பத்து பேர் சூழ்ந்து நிற்பதில்தான் உங்களுக்கு உற்சாகம் வருகிறது என்றால், ரேங்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தத் துறை இரண்டு வருடத்தில் வறண்டு போகும்.

இப்போது அந்த இன்னொரு ரேடியோவுக்கு வருகிறேன். என்னோடு ஒரே ஹாஸ்டலில் இருந்த தோழி ரேடியேஷன் ஆன்காலஜி எடுத்தாள். அவளும் முதலில் ரேடியோடயக்னோசிஸ் கேட்டு, கிடைக்காமல்தான் போனாள். அவளுடைய மத்தியானம் மூன்று மணி எப்படி இருக்கும் என்று ஒரு நாள் கூட இருந்து பார்த்தேன். நாக்கில் புற்று வந்த ஒருவருக்கு முகமூடி செய்தார்கள். வலைபோல் ஓட்டைகள் போட்ட வெள்ளைத் தகடு ஒன்றை வெந்நீர்த் தொட்டியில் போட்டால் துணிபோல் துவண்டுவிடுகிறது, அதை எடுத்து அவர் முகத்தின் மேல் இழுத்துப் பொருத்தி ஆறும்வரை பிடித்துக்கொள்கிறார்கள். சில நிமிடத்தில் அவருடைய மூக்கும் தாடையும் அப்படியே அச்சாகி இறுகிவிடுகிறது. தினமும் அந்த முகமூடியைப் போட்டு மேசையோடு பூட்டினால்தான் தலை அசையாது, கதிர் போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகும். பயத்தில் அவர் கை நடுங்கியது. தோழி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு "மூக்கால மெதுவா மூச்சு விடுங்கண்ணே, நான் இங்கேயேதான் நிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதற்கப்புறம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அங்கேயும் சி.டி. படம்தான், என்னைப் போலத்தான். ஆனால் நான் கட்டி எங்கே என்று எழுதுவேன், அவள் அதை ஒவ்வொரு வெட்டிலும் கோடு போட்டு வரைகிறாள். கட்டிக்கு ஒரு கோடு, கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கக்கூடிய இடத்துக்கு இன்னொரு கோடு, தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பி, கண் என்று காப்பாற்ற வேண்டியவற்றுக்குத் தனித்தனிக் கோடு. மெடிக்கல் ஃபிசிசிஸ்ட் அந்தக் கோடுகளை வைத்துக் கதிரின் அளவைக் கணக்குப் போடுவார். தலை, கழுத்துப் புற்றுக்கு வழக்கமாக 70 கிரே (கதிரை அளக்கும் அலகு), 35 நாளாகப் பிரித்து, வாரம் ஐந்து நாள், ஏழு வாரம். கூடவே சிஸ்பிளாட்டின் என்கிற கீமோ மருந்தும் உண்டு.

அந்த ஏழு வாரமும் அவர் உங்கள் நோயாளி. மூன்றாம், நான்காம் வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்க முடியாமல் போகும். எடை குறையும். மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டி வரலாம், "போதும் டாக்டர், நிறுத்திடுங்க" என்பார், நிறுத்தினால் நோய் திரும்பும் என்று புரிய வைத்து அடுத்த நாள் மறுபடி அந்த மேசையில் படுக்க வைக்க வேண்டும். பிறகு வருடக்கணக்கில் செக்கப்புக்கு வருவார். சிலர் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வருவார்கள், சிலர் வராமலே போவார்கள். இது ஒரு கிளினிக்கல் துறை. அதனால்தான் "ரெண்டும் ரேடியோதானே" என்றபோது எனக்குப் பகீரென்றது. ஒருவர் நாள் முழுக்க நோயாளியின் படத்தோடு இருக்கிறார், இன்னொருவர் வாழ்க்கையின் மிகக் கடுமையான ஏழு வாரத்தில் அந்த நோயாளியோடே இருக்கிறார். குணத்துக்குப் பொருந்தாமல் மாறி எடுத்தால் இரண்டு பக்கமும் நரகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேங்க் பட்டியலில் கீழே இருப்பதால் ரேடியேஷன் ஆன்காலஜியை ஆறுதல் பரிசு மாதிரி பேசுவது எனக்குக் கோபத்தை வரவழைக்கும். நம் நாட்டில் வாய்ப்புற்று, கருப்பைவாய்ப் புற்று, மார்பகப் புற்று மூன்றும் எவ்வளவு என்று எந்த மாவட்ட மருத்துவமனையிலும் போய்ப் பாருங்கள், மூன்றிலும் கதிர் சிகிச்சைக்குப் பெரிய இடம் உண்டு. கருப்பைவாய்ப் புற்று பரவி அறுவை செய்ய முடியாத நிலையில் வந்தாலும், வெளியிலிருந்து கதிரும் உள்ளே வைக்கும் பிராக்கிதெரபியும் சேர்ந்து கணிசமான பெண்களைக் குணப்படுத்துகின்றன. துறையும் வேகமாக மாறுகிறது. மார்பகத்துக்கு ஐந்து வாரம் கொடுத்ததை மூன்று வாரமாக, 15 தடவையில் 40 கிரேயாகக் குறைத்தார்கள், இங்கிலாந்தில் நடந்த ஆய்வுக்குப் பிறகு பொருத்தமானவர்களுக்கு ஒரே வாரத்தில், ஐந்து தடவையில் 26 கிரே என்று வந்துவிட்டது. சிவகங்கையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற ஒரு கூலிப் பெண்ணுக்கு நான்கு வாரம் மிச்சமாவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. சொந்த கிளினிக் போட முடியாது என்பது முதல் குறை. கதிர் கொடுக்கும் இயந்திரமான லீனியர் ஆக்சிலரேட்டருக்குத் தடித்த கான்கிரீட் அறை வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும், கோடிகளில் முதலீடு வேண்டும். அதனால் வாழ்நாள் முழுக்க ஏதோ ஒரு பெரிய மருத்துவமனையின் சம்பளக்காரராகத்தான் இருப்பீர்கள், ஊரும் அந்த இயந்திரம் இருக்கிற ஊராகத்தான் இருக்கும். இரண்டாவது குறை, சாவு. கதிர் கொடுத்தும் திரும்பி வரும் நோய், வலிக்காக மட்டும் கொடுக்கும் கதிர், குடும்பத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசும் பேச்சு. தோழி முதல் வருடத்தில் இரண்டு தடவை விட்டுவிடலாம் என்று அழுதிருக்கிறாள். இப்போது கேட்டால், வேறு எதையும் செய்திருக்க மாட்டேன் என்கிறாள். ஒரு வழியும் திறந்திருக்கிறது: இந்த எம்.டி. முடித்தவர்கள் டி.எம். மெடிக்கல் ஆன்காலஜிக்குப் போகலாம். ஜெனரல் மெடிசின், குழந்தை மருத்துவம் முடித்தவர்களோடு போட்டி போட வேண்டும், சுலபமில்லை, ஆனால் கதவு மூடியில்லை. ரேடியோடயக்னோசிஸ் முடித்தவர்களுக்கு அந்தக் கதவே கிடையாது.

நியூக்ளியர் மெடிசின் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சீட் நாடு முழுக்கவே கொஞ்சம்தான். டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பிஜிஐ, மும்பை டாட்டா மெமோரியல், வேலூர் சி.எம்.சி. மாதிரி இடங்கள். இங்கே மருந்தே கதிர்வீசும், அதை உள்ளே செலுத்தி உடம்பில் எங்கே போய்ச் சேருகிறது என்று வெளியிலிருந்து படம் பிடிப்பார்கள். எல்லாமே கடிகாரத்தோடு ஓட்டம். எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், பெட் ஸ்கேனுக்காகச் சர்க்கரையோடு சேர்த்துக் கொடுக்கும் ஃப்ளூரின் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். மருந்து வரும் வண்டி டிராஃபிக்கில் மாட்டினால் அன்றைய பட்டியலே சுருங்கும். ஊசி போட்டபின் நோயாளி ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல், போன் பார்க்காமல் படுத்திருக்க வேண்டும், தசை அசைந்தால் அங்கேயும் சர்க்கரை போய்ப் படத்தைக் கெடுக்கும்.

இந்தத் துறை இப்போது சூடு பிடிப்பது சிகிச்சையில். தைராய்டு புற்றுக்கு ரேடியோ அயோடின் பல பத்தாண்டாகவே இருக்கிறது. இப்போது புராஸ்டேட் புற்றுக்கும் ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கும் லுட்டேசியம் என்கிற கதிர்வீசும் தனிமம் வந்துவிட்டது. எந்த மூலக்கூறு கட்டியைப் படத்தில் காட்டுகிறதோ, அதே மூலக்கூறில் லுட்டேசியத்தைக் கட்டி அனுப்பினால் கட்டியைப் போய்த் தாக்குகிறது. இயற்பியலும் வேதியியலும் பிடித்தவர்களுக்கு இது அருமையான துறை. ஆனால் வேலை பெரிய நகரங்களில் மட்டும்தான், எண்ணிக்கையும் குறைவு. விருதுநகரில் அம்மா அப்பாவோடு இருந்துகொண்டே வேலை பார்க்க வேண்டும் என்பவர்கள் இதை எடுக்காதீர்கள்.

இன்டர்வென்ஷனல் பற்றிச் சுருக்கமாக. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர் என்ற ரேடியாலஜிஸ்ட், காலை வெட்டச் சம்மதிக்காத 82 வயதுப் பாட்டியின் அடைபட்ட தொடை ரத்தக்குழாயை உள்ளே குழாய் விட்டே திறந்தார். அங்கிருந்து வளர்ந்த துறை இது. கல்லீரல் புற்றுக்கு அதன் ரத்தக்குழாய் வழியாகவே மருந்தைக் கொண்டுபோய் அடைப்பது, பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்கைக் கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்து நிறுத்திக் கர்ப்பப்பையைக் காப்பாற்றுவது, மூளை ரத்தக்குழாயிலிருந்து ரத்தக்கட்டியை இழுத்தெடுப்பது எல்லாம் இதில் உண்டு. சர்ஜரி ஆசை இருந்து, ஆனால் படம் பார்ப்பதிலும் மயக்கம் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. விலை என்னவென்றால், மணிக்கணக்கில் ஈய அங்கியைத் தோளில் சுமந்து நிற்க வேண்டும், முதுகு போகும், எமர்ஜென்சிக்கு நேரம் காலம் கிடையாது. கார்டியாலஜிஸ்ட்டும் வாஸ்குலர் சர்ஜனும் அதே குழாய்களில் வேலை செய்கிறார்கள், நோயாளி முதலில் அவர்களிடம்தான் போகிறார். ஆக, நீங்களே ஓ.பி. வைத்து நோயாளியைப் பார்க்கத் தொடங்கினால்தான் நிற்க முடியும். இதற்கு முதலில் மூன்று வருட ரேடியோடயக்னோசிஸ், பிறகு மூன்று வருட டி.எம். அல்லது ஃபெலோஷிப். முதல் படியில் ஏறாமல் இதைப் பற்றிக் கனவு காண வேண்டாம்.

சரி, பணம். சித்தி வீட்டு வயல் கதைக்கு வருவோம். தனியார் கல்லூரியில் ரேடியோடயக்னோசிஸ் கட்டணம் பல குடும்பங்களுக்கு ஆயுள் சேமிப்பு. "ஸ்கேன் சென்டர் போட்டா நாலு வருஷத்துல எடுத்துடலாம்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் சரியாக இருந்திருக்கலாம். இன்றைக்குச் சின்ன ஊரிலும் பெரிய சங்கிலி லேப்கள் வந்துவிட்டன, சி.டி., எம்.ஆர்.ஐ. வாங்கக் கோடிகளில் கடன் வேண்டும். அப்புறம் 1994-ஆம் வருடத்துச் சட்டம், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுப்பது. அந்தச் சட்டம் அவசியம், பெண் சிசுக்களை அழித்த நாட்டில் அது இருந்தே ஆக வேண்டும். அதே சமயம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் எஃப் பிழையில்லாமல் நிரப்பியிருக்க வேண்டும், எழுத்துப் பிழையை மட்டும் குற்றத்திலிருந்து விலக்கச் சொல்லி மகப்பேறு மருத்துவர்கள் கேட்டபோது 2019-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் இயந்திரத்துக்கு சீல் வைக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து அந்தப் படிவங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் ரேடியாலஜிஸ்டுகள் நிறைய. கடனை எடுத்துவிடலாம் என்ற கணக்கில் இதையெல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயலை விற்பதற்கு மாற்று உண்டு. டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் கொடுக்கும் மேற்படிப்புப் பட்டம்) ரேடியோடயக்னோசிஸ் மூன்று வருடம், நல்ல கேஸ் வரும் மருத்துவமனையாக இருந்தால் எம்.டி.க்கு எந்த விதத்திலும் குறைவில்லை, கட்டணமும் தனியார் எம்.டி.யோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. தேர்வு கறாராக இருக்கும், அதுவும் ஒரு நல்லதுக்குத்தான். டிப்ளமோ இரண்டு வருடத்தில் முடியும், ஆனால் அதை வைத்து டி.எம்.முக்குப் போக முடியாது, பின்னால் மறுபடி எழுதி டி.என்.பி. சேர வேண்டும். எந்த இடமானாலும் சேர்வதற்கு முன் அங்கே படிக்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை முதலில் நீங்க எழுதி, அப்புறம் சீனியர் திருத்துறாங்களா, இல்ல நீங்க பின்னால நின்னு வேடிக்கை பாக்குறீங்களா?" பேர் பெற்ற கல்லூரியிலும் மூன்று வருடம் வேடிக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

ஏஐ வந்து எங்களைத் தூக்கிவிடும் என்ற பயத்தையும் அவள் கேட்டாள். 2016-இல் ஏஐ துறையின் முன்னோடியான ஜெஃப்ரி ஹின்டன், இனி ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் இயந்திரம் மிஞ்சிவிடும் என்று சொன்னார். ஐந்து வருடம் எப்போதோ தாண்டிவிட்டது, இன்னும் ஆள் பற்றாக்குறைதான். அதற்காக ஏஐ ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். டிபி கண்டுபிடிக்க மார்பு எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரே படிக்கலாம் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. ரேடியாலஜிஸ்டே இல்லாத மலைக் கிராமத்துக்கு அது பெரிய வரம். என் மேசையிலும் ரத்தக்கசிவு இருக்கும் சி.டி.யை வரிசையில் முன்னால் தள்ளும் மென்பொருள் ஓடுகிறது. வெறும் எக்ஸ்ரேயும் திரும்பத் திரும்ப வரும் எளிய ரிப்போர்ட்டும் எங்கள் கையை விட்டுப் போகும் என்றுதான் நினைக்கிறேன். அல்ட்ராசவுண்ட், ஊசி வழி எடுக்கும் பயாப்ஸி, சர்ஜனோடு உட்கார்ந்து முடிவெடுப்பது, இவை நிற்கும். ரேடியேஷன் ஆன்காலஜியிலும் காப்பாற்ற வேண்டிய உறுப்புகளுக்கான கோடுகளை இயந்திரமே போட ஆரம்பித்துவிட்டது, தோழிக்கு அதில் ஒரு மணி நேரம் மிச்சமாகிறது. அந்த ஒரு மணி நேரத்தை ஓ.பி.யில் நோயாளிகளோடு செலவழிக்கிறாள்.

கதிரால் உடம்புக்குக் கெடுதல் வருமா, கல்யாணம், குழந்தை என்று சித்தி போனைப் பிடுங்கிக் கேட்டார். நியாயமான கேள்வி. வேலை செய்கிறவருக்கு ஐந்து வருட சராசரியில் வருடம் 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரின் அளவு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. சட்டையில் எங்கள்மேல் பட்ட கதிரைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜ் குத்தியிருப்போம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து கணக்கு வரும். ஒழுங்காக வேலை செய்கிற ரேடியாலஜிஸ்டின் அளவு அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கும், இன்டர்வென்ஷனல்காரர்களுக்கும் நியூக்ளியர் மெடிசினின் ஹாட் லேப்பில் கதிர்வீசும் மருந்தைக் கையாளுகிறவர்களுக்கும் கொஞ்சம் கூடும். கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால் கருவுக்கு 1 மில்லிசீவர்ட் மட்டுமே வரம்பு. நான் இரண்டு பிரசவத்தின்போதும் அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் பார்த்துக்கொண்டு, எக்ஸ் கதிரைத் தொடர்ந்து பாய்ச்சிப் பார்க்கும் ஃப்ளூரோஸ்கோபி பக்கம் போகாமல் இருந்தேன். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சித்திக்கே தெரியும்.

ப்ளஸ் டூ முடித்தவர்களின் பெற்றோரும் "ரேடியாலஜி படிப்பு" என்று தேடுவார்கள், அவர்களுக்கு ஒரு வரி: பி.எஸ்சி. ரேடியோகிராஃபி முடித்தால் படம் எடுக்கும் டெக்னாலஜிஸ்ட், ரிப்போர்ட் எழுதும் டாக்டர் இல்லை. அதுவும் மரியாதையான, தேவையுள்ள வேலை, நான் இருப்பதே அவர்கள் எடுக்கும் படத்தை நம்பித்தான். பிசிக்ஸ் பிடித்த பிள்ளைகள் எம்.எஸ்சி. மெடிக்கல் ஃபிசிக்ஸையும் பாருங்கள்.

என் தங்கைக்கு நான் இதை எடு, அதை எடு என்று சொல்லவில்லை. சாய்ஸ் லாக் ஆக நான்கு நாள் இருந்தது. ஒரு நாள் என் அறைக்கு வா, காலை முதல் ராத்திரி வரை பக்கத்தில் உட்கார், மறுநாள் என் தோழியின் ஓ.பி.யில் உட்கார், அப்புறம் பேசலாம் என்றேன். வந்தாள். என் அறையில் பதினோரு மணிக்கே கொட்டாவி விட ஆரம்பித்தாள், மத்தியானம் மூன்றாவது எம்.ஆர்.ஐ.யின்போது அவள் கண் திரையில் இல்லை, கதவுக்கு வெளியே அழுதுகொண்டிருந்த ஒரு கிழவியிடம் இருந்தது. எழுந்து போய் அந்த அம்மாவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, என்ன ஏது என்று விசாரித்துவிட்டு அரை மணி கழித்துத்தான் வந்தாள். மறுநாள் தோழியின் ஓ.பி. முடிய ஏழு மணி ஆனது. எட்டு மணிக்குக் கிளம்பலாம் என்று கூப்பிட்டேன், "இரு அக்கா, இங்க முகமூடி போட்ட ஒருத்தர் ட்ரீட்மென்ட் முடிச்சு வெளிய வரட்டும், வர்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

கவர்ன்மென்ட் ரேடியேஷன் ஆன்காலஜி மூன்று இடங்களை மேலே போட்டாள், அதற்குக் கீழே டி.என்.பி. ரேடியோடயக்னோசிஸ் இரண்டு. தனியார் ஒன்றும் போடவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு லாக் செய்துவிட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாள். ரவுண்ட் முடிவு வியாழக்கிழமை.